கஸ்டர்டுக்கு முன்னால் போட்ட கையெழுத்து

போன வாரம் நோரீன் ஆஷ்வர்த்தை மழையில், கையில் ஒரு வெற்று வேட்புமனுவோடு விட்டுவிட்டு வந்தோம். மெல்பெக் நகரின் கூரை போட்ட சந்தையில் முப்பத்தோரு வருஷமாகச் சீஸும் உப்புப் பன்றிக்கறியும் விற்கிறவள். அந்தச் சந்தையை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டலாம் என்று நகர மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, அவள் கணவரின் சொந்த அண்ணன், கவுன்சிலர் ஹெட்லி ஆஷ்வர்த். ‘அப்படின்னா நானே எதிர்த்து நிக்கிறேன்’ என்று நோரீன் சொன்னபோது சந்தையில் சிரித்தவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. ஹெட்லி கால்வாய் வார்டில் பன்னிரண்டு வருஷமாக ஒரு ஓட்டுக்கூட வாங்காமல் ஜெயித்து வருகிறவர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாத வார்டில் ஓட்டுப்பெட்டியே வைப்பதில்லை. மனு வாங்கும் நேரம் முடிந்ததும் கைகுலுக்கல், ஒரு போட்டோ, அடுத்த நாலு வருஷத்துக்கு அவரே கவுன்சிலர்.

இந்த வருஷம் அந்த நேரம், ஏப்ரல் மாதப் புதன்கிழமை, மாலை நாலு மணி.

நோரீன் தன் மனுவோடு நகர மன்றத் தேர்தல் அலுவலகத்தில் நின்றபோது மணி இரண்டே முக்கால். பக்கத்தில் மகள் கேனர். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள், அம்மாவுக்குத் தேர்தல் ஏஜென்டாக லீவு போட்டிருந்தாள். கணவர் ரெஜ் வரவில்லை. வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவர், ‘நான் இங்கேயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டார். அண்ணன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். நடுவில் வேன்தான் அவருக்கு வசதி.

தேர்தல் அதிகாரி மிர்ஸா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மனுவைப் படித்தார். வார்டில் ஓட்டுரிமை உள்ள பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் வாக்காளர் பட்டியலில் தேடி, எண்ணைச் சரிபார்த்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ஒன்பது புள்ளி விழுந்தது. பத்தாவதில் பென்சில் நின்றது.

“பத்தாவது பேரு உங்க பேரு.”

“ஆமா. மீன்கடை வில்ஃப் போடறதா இருந்தான். இன்னிக்குக் காலையில யாரோ அவனைப் பார்த்துட்டுப் போயிருக்காங்க, அதுலேருந்து அவனுக்குக் கை வலி. எனக்கு நானே போட்டுக்கலாம்னு உங்க ஆபீஸ்லதான் போன்ல சொன்னாங்க.”

“போடலாம், தப்பில்ல.” மிர்ஸா இன்னொரு கோப்பைத் திறந்து பார்த்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “ஆனா ஒருத்தர் ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம். நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்க.”

“யாருக்கு?”

“கவுன்சிலர் ஹெட்லி ஆஷ்வர்த்துக்கு. அவர் மனு வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. ஏழாவது பேரு, நோரீன் ஆஷ்வர்த். எட்டாவது ரெஜினால்ட் ஆஷ்வர்த்.”

கேனர் அம்மாவைப் பார்த்தாள். நோரீன் கூரையைப் பார்த்தாள்.

ஹெட்லிக்கு இதில் ஒரு முறை உண்டு. தேர்தல் வருகிற வருஷத்தில், மார்ச் மாதத்து அன்னையர் ஞாயிறன்று, குடும்பம் முழுவதையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். ஆட்டுத்தொடை வறுவல், உருளைக்கிழங்கு, புதினாச் சாறு. தட்டுகளை எடுத்த பிறகு, இனிப்பு வருவதற்கு முன்னால், சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று வெளியே வரும். ‘வழக்கமானதுதான்’ என்பார். உப்புக் குப்பியைத் தள்ளிவிடுவது போலக் காகிதத்தை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். பேனா கூடவே வரும். யாரும் படிப்பதில்லை. சொந்த அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.

இந்த வருஷமும் நோரீன் அப்படித்தான் போட்டாள். சந்தையை இடிக்கப்போகும் செய்தி பேப்பரில் வந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தின் ஞாபகம் யாருக்கும் இல்லை. கடையில் கால் ராத்தல் சீஸுக்குத் தராசு முள்ளைப் பத்து விநாடி உற்றுப் பார்க்கிறவள், தன் பெயரை யாருக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்று ஒரு விநாடி பார்க்கவில்லை.

“இன்னும் நான் இதை வாங்கல” என்றார் மிர்ஸா, வார்த்தையை எண்ணிப் போடுகிறவர் போல. “சும்மா பார்த்துட்டு இருக்கேன். நான் வாங்கி முத்திரை குத்திட்டா மாத்த முடியாது. அதுவரைக்கும் ஒரு பேரை அடிச்சுட்டு வேற ஒருத்தர் போடலாம். கால்வாய் வார்டா இருக்கணும். அவர் மனுவுல இருக்கிற பத்துப் பேர்ல ஒருத்தரா இருக்கக் கூடாது. அந்தப் பத்துப் பேரும் யாருன்னு கேட்டா, காட்டுறதுக்குச் சட்டத்துல இடமிருக்கு.”

கேனர் கேட்டாள். காட்டினார். அவள் போனில் எழுதிக்கொண்டாள். பத்தில் ஐந்து பேர் குடும்பம்.

படியிறங்கும்போது எதிரே ஹெட்லி ஏறி வந்தார். நல்ல கோட்டு, கழுத்தில் பட்டு மஃப்ளர், சட்டையில் கட்சி நிற ரிப்பன் பூ. நாலு மணிக்கு உள்ளூர்ப் பேப்பரிலிருந்து போட்டோக்காரர் வருவதாக இருந்தது. நோரீன் கையில் மனு அப்படியே இருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் வந்து உட்கார்ந்தது. நன்றாகப் பழகிய வருத்தம்.

ஏழாவது பெயரைப் பற்றித் தானே சொல்லியிருக்க வேண்டும், வேலை நெருக்கடியில் மறந்துவிட்டது என்றார். குடும்பத்துக்குள் இது எதற்கு என்றார். மழையில் அலையாதே, உடம்புக்கு ஆகாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“புதுச் சந்தை புறவழிச் சாலைப் பக்கம் வருது, நோரீன். வாசலை ஒட்டின முதல் கடை, ரெண்டு பக்கமும் கண்ணாடி. உனக்குன்னு எழுதியே வாங்கித் தரேன். நீ வீட்டுக்குப் போ.”

சந்தையில் முப்பத்தோரு வருஷம் நின்றவளுக்கு ஒன்று தெரியும். கேட்காமலே விலையைக் குறைக்கிறவனிடம் சரக்கு கெட்டுக்கொண்டிருக்கிறது. அதுவரை அவளுக்குள் இருந்த அவமானம், அந்த இடத்தில், அந்தப் படியில், காணாமல் போயிற்று.

“எழுதித் தருவீங்களா. நம்ம குடும்பத்துல எழுதினதை யாரு ஹெட்லி படிக்கிறாங்க.”

“பெரியப்பா, இப்ப சொன்னதை மேல வந்து மிர்ஸா முன்னால இன்னொரு தரம் சொல்றீங்களா” என்று கேனர் மிகவும் மரியாதையாகக் கேட்டாள். ஹெட்லிக்குத் திடீரென்று மஃப்ளரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மணி மூன்று அடித்துக்கொண்டிருந்தது.

வேனில் ஏறியதும் நோரீன் ரேடியோவை அணைத்து, நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். எட்டாவது பெயர் யாருடையது என்று சொன்னபோது ரெஜின் காது மடல் சிவந்தது. “படிக்கல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டில் அதுவே ஒரு நீளமான மன்னிப்பு.

அன்று சந்தைக்கு அரை நாள் விடுமுறை. ஒரு மணிக்கே இறுக்கி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கடைக்காரர்களில் பாதிப் பேர் வேறு வார்டு. மிச்சம் இருந்தவர்கள் ஏற்கெனவே மனுவில் இருந்தார்கள், அல்லது வில்ஃபைப் போலக் கை வலி வந்தவர்கள். ஆகவே கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்க் கதவு கதவாகத் தட்டுவதைத் தவிர வழியில்லை.

முதல் கதவில் ஒரு பெரியவர். ஹெட்லிதான் தனக்கு மாடிப்படி இல்லாத வீடு வாங்கித் தந்ததாகவும், முட்டி வலிக்கு அதனால் எவ்வளவு நிம்மதி என்றும், ஏழெட்டு நிமிஷத்தை அந்த முட்டிக்கே செலவழித்தார். இரண்டாவது கதவில் ஒரு பெண், சந்தையை இடிப்பது அநியாயம் என்று கொதித்தாள், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கேனர் கொண்டுவந்திருந்த வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. போன வருஷம் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வந்ததாம், குளிர்பெட்டி மேல் வைத்ததாம், இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். மூன்றாவது கதவில் நாய் மட்டும் இருந்தது. நாலாவது கதவுக்காரர் நோரீனின் கடைக்கு வாராவாரம் வருகிறவர். உள்ளே டிவி ஓடுவது தெருவரைக்கும் கேட்டது. கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஓர் அங்குலம் அசைந்து நின்றது.

“சனிக்கிழமை வரட்டும், அவருக்குச் சீஸ்ல காய்ஞ்ச ஓரமா வெட்டிக் குடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நோரீன் வேனில் ஏறினாள்.

மணி மூன்று இருபத்தைந்து. கண்ணாடியில் ஆலங்கட்டி மழை பொரி போல விழுந்தது. கேனர் போனில் இருந்த பத்துப் பெயர்களை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவுக்குப் போகலாமா, முடிதிருத்தும் கடையில் யாராவது உட்கார்ந்திருப்பார்களா என்று அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள். தேர்தலே நடக்காமல் போனால் சந்தைக்காகப் பேச மன்றத்தில் ஒரு குரல்கூட இருக்காது, அது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ரெஜ் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்தபடி நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யூனா போடல” என்றார்.

கேனர் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

யூனா, ஹெட்லியின் மனைவி. நோரீனுக்கு ஓரகத்தி. இருபத்தெட்டு வருஷமாக ஒரே குடும்பத்தில் இருந்தும் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் பாத்திரங்களைப் பற்றித்தான்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று நோரீன் கேட்டாள்.

“அவ அடுப்படியில இருந்தா. கஸ்டர்ட் கட்டி தட்டிடும்னு கிளறிட்டே இருந்தா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். காகிதம் வரும்போது அவ மேசையில இருக்கவே மாட்டா.” ரெஜ் நிறுத்தினார். பிறகு, தம்பியாகப் பிறந்து அறுபது வருஷம் ஆன ஒரு மனிதர் சொல்லக் கஷ்டமானதைச் சொன்னார். “அவன் அவளைக் கூப்பிட்டதும் இல்ல.”

கேனர் பட்டியலைப் பார்த்தாள். யூனா ஆஷ்வர்த் என்ற பெயர் அந்தப் பத்தில் இல்லை. வாக்காளர் பட்டியலில் இருந்தது, மதகுத் தெரு, பதினாலாம் எண். இரண்டு திருப்பம் தள்ளி.

வேன் நின்றதும் ரெஜ் இறங்கினார். அண்ணன் வீட்டுத் தோட்டக் கதவைத் திறந்து, மனைவியும் மகளும் போவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அவர் போகவில்லை.

யூனா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் போட்டுக்கொள்ள ஹெட்லியின் சட்டை. மேயர் அறையில் பாராட்டு விருந்தாம். மூன்று நிமிஷம் நோரீன் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை, சொந்தபந்தம் பேசவில்லை. தான் முட்டாள்தனமாக ஹெட்லிக்குக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள், நாலு கதவைச் சொன்னாள், இன்னும் முப்பது நிமிஷம்தான் இருக்கிறது என்பதைச் சொன்னாள்.

“போட்டா உன் வீட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது, யூனா. அதைச் சொல்லாம பேனாவை நீட்டக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

யூனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மனுவை வாங்கி, மேசைக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

முன்பக்கம் படித்தாள். வேட்பாளர் பெயர், முகவரி, ‘சுயேச்சை’ என்ற சொல், பத்துக் கையெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருந்த எண். திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த விதிகள். விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தினாள். சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தாறைக் காட்டியது. கேனர் தொண்டையைச் செருமினாள்.

“பெரியம்மா, நேரம்...”

“இரு கண்ணு. இந்த வீட்டுல இருபத்தெட்டு வருஷத்துல இப்பதான் ஒருத்தி என்கிட்ட கையெழுத்துக் கேக்குறா. படிக்காம போட மாட்டேன்.”

அதைக் குறை சொல்ல நோரீனுக்கு என்ன யோக்கியதை.

மூன்று நாற்பதுக்கு யூனா நிமிர்ந்தாள். நோரீனின் பெயரைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்துக் குழந்தை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக, தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட சட்டை பலகையிலேயே கிடந்தது.

“நீ எங்க கிளம்பற?” என்றாள் நோரீன்.

“நானும் வரேன். இது என் கையெழுத்தே இல்லைன்னு அவரு சொல்லுவாரு. ஆளு நேர்ல நின்னா எப்படிச் சொல்லுவாருன்னு பார்க்கணும்.”

நகர மன்றத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. கால்வாய்ப் பாலத்தில் குப்பை லாரி ஒன்று வழியை அடைத்து நின்ற கதையை ரெஜ் பிறகு பலமுறை சொல்வார். அன்றைக்கு அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஹார்ன் அடித்தார் என்பதோடு விட்டுவிடுவோம்.

தேர்தல் அலுவலகத்தில் போட்டோக்காரர் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெட்லி ஜன்னலோரம் நின்று எதிர்க்கட்டடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோரீனையும் கேனரையும் பார்த்தபோது புன்னகை செய்தார். அவர்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தபோதும் அந்தப் புன்னகை போகவில்லை. ஏதோ வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடி வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்.

மிர்ஸா மனுவை வாங்கினார். அடித்த பெயரைப் பார்த்தார். புதிய பெயரைப் பார்த்தார். பட்டியலில் எண்ணைத் தேடினார். ஹெட்லியின் மனுவில் பத்துப் பெயர்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

“யூனா மேரி ஆஷ்வர்த். பதினாலு, மதகுத் தெரு.” அவர் நிமிர்ந்தார். “கவுன்சிலர் வீட்டு விலாசம்.”

“என் வீட்டு விலாசமும்தான்” என்றாள் யூனா.

பத்தாவது புள்ளி விழுந்தது. மிர்ஸா முத்திரையை எடுத்து, நேரத்தைப் பார்த்து, மூன்று ஐம்பத்தாறு என்று எழுதி, குத்தினார். அந்தச் சத்தத்துக்குப் போட்டோக்காரர் அனிச்சையாக ஒரு படம் எடுத்துவிட்டார். அடுத்த நாள் பேப்பரில் வந்தது அந்தப் படம்தான். ஹெட்லியின் வாய் அதில் திறந்திருந்தது.

அவர் முதலில் பேசியது மனைவியிடம் அல்ல, அதிகாரியிடம். இவளுக்கு இந்த விஷயங்கள் புரியாது, யாரோ சொல்லிப் போட்டுவிட்டாள், உடனே எடுத்துவிட வேண்டும் என்றார். கொடுத்த மனுவில் போட்ட கையெழுத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது, அதற்கு விதியில் இடமே இல்லை என்றார் மிர்ஸா. அந்த அம்மாவே கேட்டாலும் முடியாது.

“நான் கேக்கவும் இல்ல” என்றாள் யூனா.

ஹெட்லி நோரீன் பக்கம் திரும்பினார். இப்போது வருத்தம், பட்டு மஃப்ளர், அண்ணன் என்ற அந்தஸ்து, எதுவும் குரலில் இல்லை.

“என் மனுவுல உன் பேரு இருக்கு. உன் புருஷன் பேரும் இருக்கு. வார்டுல ஒவ்வொரு வீட்டுக் கதவு இடுக்குலயும் அதை அச்சடிச்சுப் போடறேன். என்னை எதிர்த்து நிக்கிறவளே எனக்குக் கையெழுத்துப் போட்டவன்னு ஊரே சிரிக்கும்.”

“போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க.” நோரீன் மேசையிலிருந்து தன் மனுவின் ரசீதை எடுத்து மடித்தாள். “இத்தனை வருஷம் படிக்காமதான் போட்டேன்னு நானே கதவு கதவா போய்ச் சொல்லப்போறேன். இந்த வார்டுல என்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க, ஹெட்லி. அவங்களுக்கு என்னைப் பார்த்தா சிரிப்பு வராது, கோபம் வரும். அது யார் மேலன்னு மே மாசம் பார்ப்போம்.”

நாலு மணி அடித்தது. மிர்ஸா அலுவலகக் கதவைச் சாத்தி, உள்பக்கத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பினார். கால்வாய் வார்டில் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஓட்டுப்பெட்டி வைக்க வேண்டியிருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் வைப்பது என்று அவர் கோப்பில் தேட ஆரம்பித்தார்.

வெளியே ஆலங்கட்டி நின்று, தெரு ஈரமாக மினுங்கியது. வேனில் பின்சீட்டில் யூனா ஏறி உட்கார்ந்தாள், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு. கேனர் சிரிப்பும் அழுகையுமாக அம்மாவின் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“நோரீன், தேர்தல் என்னைக்கு?” என்று யூனா கேட்டாள்.

“மே முதல் வியாழக்கிழமை.”

“அதுக்கு ஒன்பது நாள் முன்னால, ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையை அந்தக் கட்டடக்காரங்க பேருக்கு எழுதிக் குடுக்கப்போறாங்க. வெளியில சொல்லாம. எங்க வீட்டுலதான் பேசினாங்க, அவரும் சேர்த்து மூணு பேர். நான் டீ ஊத்திட்டு இருந்தேன்.”

கேனரின் கை அம்மாவின் தோளிலேயே நின்றது. தேர்தலில் ஜெயித்தாலும், இடிப்பதைத் தடுக்கச் சந்தை மன்றத்தின் கையில் இருக்காது. நோரீன் மனத்துக்குள் நாள்களை எண்ணினாள். மூன்று வாரத்துக்கும் குறைவு.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“அந்த மூணு பேருக்கு. எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள மெல்பெக் சந்தை முழுக்கத் தெரியும்” என்றாள் நோரீன். “பேசினது யாரு யாரு, எந்தத் தேதி, என்ன காகிதம்னு ஒண்ணு விடாம இன்னிக்கு நீ எனக்குச் சொல்லணும்.”

மேலே வாசற்படியில் ஹெட்லி வந்து நின்றார். கழுத்தில் மஃப்ளர் இல்லை. தம்பியைப் பார்த்து, எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகிய குரலில், யூனாவைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார்.

ரெஜ் வண்டியைக் கிளப்பினார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி, பின்சீட்டில் இருந்தவளின் முகம் அதில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

“எந்த வீட்டுல விடணும், யூனா?”